ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

'கைநாட்டு' என்ற சொல்லை நாம் சற்று ஏளனமாகவே வழங்கி வருகிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டுப் பேர்வழி' என்று சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் வீடோ நிலமோ வாங்கிப் பத்திரம் பதியச் செல்லும் நாளில், இரண்டு பட்டம் பெற்றவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இடக்கைப் பெருவிரலைப் பதித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடலாம். விரலைப் பார்த்து இன்னொரு விரல் செய்வது அவ்வளவு எளிதன்று.

மாணவியரே, இக்கட்டுரையில் நாம் காணப்போவது 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் வங்காளக் காவல்துறையினர் அமைத்த விரல்ரேகை நிலையத்தின் வரலாறு. உலகிலேயே முதல் விரல்ரேகை நிலையம் இதுதான் என்று பல நூல்கள் கூறும். அர்ஜென்டினா நாட்டார் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லா பிளாட்டா நகரக் காவல்துறையில் ஹுவான் வுசேட்டிச் என்பவர் சில ஆண்டுகளுக்கு முன்பே விரல்ரேகைகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். அந்த வழக்கை அவர்களுக்குள் விட்டுவிடுவோம். துப்பறியும் கதைகளில் ஆர்வமுள்ள மாணவியர் இங்கே துப்பாக்கியையும் துரத்தலையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கொலை வழக்கு வரும். ஆனால் நம் கதையின் நாயகன் ஒரு மர அலமாரி.

முதலில், காவல்துறைக்கு விரல்ரேகை எதற்காகத் தேவைப்பட்டது என்று பார்ப்போம். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரேகையைக் கொண்டு திருடனைப் பிடிப்பதற்கு என்றுதான் நாம் எண்ணுவோம். அந்நாளில் முதற்கவலை அதுவன்று. பிடிபட்டு நிற்பவன் யார் என்பதே கவலை. ஓர் ஊரில் தண்டனை பெற்றவன் அடுத்த மாவட்டத்தில் வேறு பெயர் சொல்வான், தகப்பன் பெயரையும் மாற்றிச் சொல்வான். 'இவனை முன்பே பார்த்திருக்கிறேன்' என்று சிறைக் காவலர் ஒருவர் சொல்வதுதான் சான்று. அந்தச் சான்று தவறினால் என்ன ஆகும்? இலண்டனில் அடால்ஃப் பெக் என்பவருக்கு 1896இல் அது நேர்ந்தது. தங்களை ஏமாற்றி நகை பறித்தவன் இவனே என்று பெண்கள் பலர் அவரை அடையாளம் காட்டினர். முன்னொரு காலத்தில் ஸ்மித் என்ற பெயரில் தண்டனை பெற்றவனும் இவனே என்று நம்பினார்கள். அவர் சிறை சென்று மீண்டார். 1904இல் மறுபடியும் அதே குற்றச்சாட்டு, மறுபடியும் குற்றவாளி என்ற தீர்ப்பு. அதற்குள் உண்மைத் திருடன் அகப்பட்டான்; பெக் பிழைத்தார். முகத்தை நம்பினால் வரும் கேடு இது.

முகத்துக்குப் பதிலாக உடம்பை அளந்தால் என்ன என்று எண்ணியவர் பாரிஸ் நகரக் காவல்துறையில் எழுத்தராக இருந்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன். உயரம், விரித்த கைகளின் நீளம், தலையின் நீள அகலம், இடது பாதம், இடது நடுவிரல் என்று 11 அளவுகள். 1880களில் இம்முறை ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றது. 1891இல் வங்காளக் காவல்துறையின் தலைவரான எட்வர்டு ஹென்றி இதையே கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளிலேயே தொல்லை தெரிந்துவிட்டது. வளரும் இளைஞனின் அளவுகள் மாறிவிடுகின்றன. விலையுயர்ந்த அளவுகோல்கள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. ஒரே மனிதனை இருவர் அளந்தால் இரண்டு விடை வருகிறது! தையற்காரர் இருவரிடம் ஒரே சட்டைக்கு அளவு கொடுத்துப் பார்த்த அம்மாக்களுக்கு இது வியப்பளிக்காது.

விரல்ரேகை பற்றிய அறிவு அப்போது புதிதன்று. அதுவும் வங்காளத்திலேயே வேர் விட்டிருந்தது. 1858இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்து வாங்கினார். பின்னால் 'நான் கையெழுத்திடவில்லை' என்று மறுக்கக்கூடாது என்பதே நோக்கம். விளையாட்டுப்போலத் தொடங்கிய பழக்கம் அவரை விடவில்லை. தம் விரல்களின் பதிவையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்து வைத்து, கோடுகள் மாறவில்லை என்று காட்டினார். 1877இல் ஹூக்ளியில், ஓய்வூதியம் வாங்க வருபவர்களின் ரேகையைப் பெற ஏற்பாடு செய்தார். இறந்தவர் பெயரில் உறவினர் வந்து பணம் வாங்கும் வழக்கம் அதனால் தடைப்பட்டது. தோக்கியோவில் சமயத் தொண்டு மருத்துவராக இருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ், குற்றம் நடந்த இடத்து ரேகை குற்றவாளியைக் காட்டும் என்று 1880இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டு விரல்கள் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதற்கு 6,400 கோடியில் ஒரு வாய்ப்பு என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கோடுகள் எப்போது தோன்றுகின்றன? நாம் பிறப்பதற்கு முன்பே. தாயின் வயிற்றில் ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆறாம் மாதத்திற்குள் அவை அமைந்துவிடுகின்றன. விரல் நுனியின் மேடு, தோல் வளரும் வேகம், குழந்தை கிடக்கும் நிலை எல்லாம் சேர்ந்து அவற்றை வகுக்கின்றன. அதனால்தான் ஒட்டிப் பிறந்தாற்போல் முகம் ஒத்த இரட்டையர்க்கும் ரேகை வேறு. மேல்தோல் உரிந்தாலும், லேசாகச் சுட்டுக்கொண்டாலும், அடித்தோலில் உள்ள அச்சிலிருந்து அதே கோடுகள் திரும்ப எழுகின்றன.

இவ்வளவும் தெரிந்திருந்தும் காவல்துறைக்கு இது ஏன் பயன்படவில்லை? இங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது. ஐம்பதாயிரம் பேருடைய ரேகைத் தாள்கள் ஓர் அறையில் குவிந்திருக்கின்றன என்று கொள்வோம். புதிதாக ஒருவன் பிடிபடுகிறான். அவனுடைய தாள் அந்தக் குவியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பெயர் வரிசையில் அடுக்கினால் பயனில்லை. அவன் சொல்லும் பெயரே பொய். ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டால் நாட்கள் போதா. சொற்கள் எத்தனை ஆயிரமிருந்தாலும் அகராதியில் நாம் வேண்டிய சொல்லை நொடியில் எடுத்துவிடுகிறோம், அங்கே அகர வரிசை இருப்பதால். விரலுக்கு அகர வரிசை ஏது? கால்டனும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். தாள்கள் சில நூறு இருக்கும்வரை அது தாங்கியது. ஆயிரக்கணக்கில் பெருகியபோது தாங்கவில்லை.

ஹென்றியின் அலுவலகத்தில் அப்போது இரண்டு இளம் உதவி ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஒருவர் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த அஜீசுல் ஹக். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். கணக்கில் வல்ல மாணவர் ஒருவர் வேண்டும் என்று ஹென்றி கல்லூரி முதல்வரைக் கேட்டபோது, முதல்வர் சுட்டிக்காட்டியது இவரை. மற்றவர் ஹேம் சந்திர போஸ். உடம்பை அளக்கும் முறையைச் சீர்செய்யத்தான் ஹக்கை எடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. விரல்களின் பக்கம் திரும்பினார்.

அவர்கள் கண்ட முறையை நாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாள், முத்திரை குத்தும் மை அட்டை, பொறுமை ஆகியவை போதும். (மை துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் இக்கட்டுரையைக் காரணம் காட்ட வேண்டாம்.) விரல் நுனியில் நம் பாட்டிமார் சங்கு என்றும் சக்கரம் என்றும் சொல்வார்கள் அல்லவா? அந்தப் பகுப்பு அறிவியலுக்கும் பொருந்துகிறது. கோடுகள் ஒரு பக்கம் நுழைந்து வளைந்து அதே பக்கம் திரும்பினால் சங்கு. நடுவில் சுழன்று வட்டமிட்டால் சக்கரம். ஒரு பக்கம் நுழைந்து சற்றே மேடேறி மறுபக்கம் வெளியேறினால் வில். சங்குதான் மிகுதி, நூற்றுக்கு அறுபதுக்கு மேல். சக்கரம் முப்பதுக்குச் சற்று மேல். வில் மிகக் குறைவு. அத்தனை சக்கரம் இருந்தால் அரசாளலாம் என்று சோதிடர் சொல்வதை மட்டும் நாம் இங்கே விட்டுவிடுகிறோம்.

இப்போது விரல்களுக்கு எண் கொடுப்போம். வலக்கைப் பெருவிரல் 1, சுட்டுவிரல் 2 எனத் தொடங்கி வலச் சுண்டுவிரல் 5. இடக்கைப் பெருவிரல் 6, அப்படியே இடச் சுண்டுவிரல் 10. இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஐந்து சோடி. முதற்சோடியில் சக்கரம் இருந்தால் அவ்விரலுக்கு 16 மதிப்பெண், அடுத்த சோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சக்கரம் இல்லாத விரலுக்கு, சங்காயினும் வில்லாயினும், சுழி. இரட்டைப்படை விரல்களின் மதிப்பெண்களைக் கூட்டி, ஒன்று சேர்த்து மேலே எழுதுக. ஒற்றைப்படை விரல்களின் மதிப்பெண்களைக் கூட்டி, ஒன்று சேர்த்துக் கீழே எழுதுக. ஒரு பின்னம் கிடைக்கும்.

மேரி என்னும் மாணவிக்கு வலப் பெருவிரலிலும் வலச் சுட்டுவிரலிலும் இடச் சுட்டுவிரலிலும் சக்கரம். மற்ற ஏழிலும் சங்கு. இரட்டைப்படையில் வலச் சுட்டுவிரல் மட்டும்: 16. ஒன்று சேர்க்க 17. ஒற்றைப்படையில் வலப் பெருவிரல் 16, இடச் சுட்டுவிரல் ஏழாம் விரலாதலால் 2, ஆக 18. ஒன்று சேர்க்க 19. மேரியின் எண் 17/19. பத்து விரலிலும் சங்கே உள்ளவளுக்கு 1/1. பத்திலும் சக்கரமானால் 32/32. ஒன்றைச் சேர்ப்பது எதற்கு என்றால், இல்லாவிட்டால் சங்கு மட்டும் உடையவருக்குச் சுழியின் கீழ்ச் சுழி என்று வரும். அதைக் கணக்காசிரியர் ஒருவரும் ஏற்கமாட்டார்.

மேலே 32 வகை, கீழே 32 வகை. பெருக்கினால் 1,024. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் புறாக்கூண்டு போல, 32 வரிசையும் வரிசைக்கு 32 அறையுமாக அலமாரி அமைந்தது. மேரியின் தாள் பதினேழாம் எண்ணும் பத்தொன்பதாம் எண்ணும் சந்திக்கும் அறையில் கிடக்கும். அவள் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், முகத்தை மறைக்கலாம். அந்த அறையை மாற்ற முடியாது. ஐம்பதாயிரம் தாள்களையும் புரட்ட வேண்டியதில்லை. அறைக்குச் சராசரியாக ஐம்பது தாள்களைப் பார்த்தால் போதும். எல்லா அறையும் சமமாக நிறையுமா என்று கேட்கும் மாணவி கெட்டிக்காரி. நிறையாது. சங்கு மிகுதியாதலால் 1/1 அறை பிதுங்கும். சில அறைகள் ஏறத்தாழக் காலியாகவே இருக்கும். பிதுங்கும் அறைகளை, சங்கு எந்தப் பக்கம் சாய்கிறது, நடுப்புள்ளிக்கும் ஓரமுக்கோணத்துக்கும் இடையே எத்தனை கோடு என்று எண்ணி மேலும் பிரித்தார்கள். இந்த உட்பிரிவுப் பணியில் போஸின் உழைப்பு பெரிது. ரேகையைத் தந்தி மூலம் எண்ணும் எழுத்துமாக அனுப்புவதற்கு ஒரு குறியீட்டு முறையையும் பின்னாளில் அவர் வகுத்தார்.

1897 மார்ச்சில் அரசு ஒரு குழு அமைத்தது. நில அளவைத் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்ட்ராஹனும், மாநிலக் கல்லூரியின் வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் பெட்லரும் அலமாரியை நேரில் சோதித்தார்கள். எளிமை, செலவுக் குறைவு, விரைவு, உறுதி ஆகிய எல்லாவற்றிலும் விரல்ரேகையே மேல் என்றார்கள். நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் சொன்ன இன்னொன்று. திறமை வேண்டிய வேலை எல்லாம் தலைமை நிலையத்துக்குப் போய்விடுகிறது. சிற்றூர்க் காவலருக்கு மையும் ஒரு தகரத் தகடும் இருந்தால் போதும். அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் கவர்னர் ஜெனரல் அவை ஒப்புதல் அளித்தது. கல்கத்தாவில் உடல் அளவை நிலையமாக இருந்தது விரல்ரேகை நிலையமாயிற்று.

அலமாரியின் பெயரைப் பரவச் செய்த வழக்கு பூட்டான் எல்லையை அடுத்த ஜல்பைகுரியில் நிகழ்ந்தது. தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் தம் படுக்கையில் கொலையுண்டு கிடந்தார். பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. ஐயம் எல்லாப் பக்கமும் பரவியது. தோட்டக் கூலிகள் மேல், அருகில் கூடாரமிட்டிருந்த காபூலிகள் மேல், உடையில் இரத்தக் கறை இருந்த சமையற்காரர் மேல். சமையற்காரர், எசமானின் உணவுக்குப் புறா அறுத்தேன் என்றார். நினைத்துப் பாருங்கள், அந்த ஒரு சொல்லைத் தவிர அவருக்கு வேறு துணையில்லை.

பணப்பெட்டியினுள் நீல அட்டையிட்ட வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அட்டையின்மேல் மங்கலாகப் பழுப்பு நிறக் கறை இரண்டு. உருப்பெருக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்ததில் ஒன்று வலப் பெருவிரலின் பதிவு. அது கல்கத்தாவிற்குப் போனது. அங்கே இருந்த தாள்களில், காங்காலி சரண் என்பவனுடைய வலப் பெருவிரலோடு அது பொருந்தியது. அவன் முன்பு அம்மேலாளரிடம் வேலை செய்து, திருடியதற்காக அவராலேயே சிறைக்கு அனுப்பப்பட்டு, சில வாரங்களுக்கு முன்தான் விடுதலையானவன். தொலைவிலுள்ள பீர்பூம் மாவட்டத்தில் அவனைப் பிடித்து மறுபடி ரேகை எடுத்தார்கள். அதே கோடுகள்.

கறையை ஆராய்ந்த அரசு இரசாயனப் பரிசோதகர் அது பாலூட்டியின் இரத்தம் என்று சான்றளித்தார். உயிரியல் பாடம் படிப்பவர்களுக்கு இதன் பொருள் புரியும். பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக, உட்கருவோடு இருக்கும். பாலூட்டியினுடையது வட்டமாக, உட்கரு இல்லாதிருக்கும். ஆகவே பஞ்சாங்கத்தில் இருந்தது புறாவின் இரத்தமன்று என்று சொல்ல முடிந்தது. மனித இரத்தமா, ஆட்டின் இரத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. அதற்கான சோதனை 1901இல்தான் செர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. இரசாயனப் பரிசோதகர் என்ற பதவிக்கு நம் ஊரோடு ஓர் உறவு உண்டு. இந்தியாவில் இத்தகைய முதல் ஆய்வுக்கூடம் சென்னையில் 1849இல் நிறுவப்பட்டது. நஞ்சூட்டப்பட்டவரின் குடற்பொருளை ஆராய்வதே அதன் தலையாய பணியாக இருந்தது.

1898இல் தீர்ப்பு வந்தது. காங்காலி சரண் திருடினான் என்பது மெய்ப்பிக்கப்பட்டது என்றார்கள். கொலைக்குத் தண்டிக்கவில்லை. பெட்டியைத் திறந்த கை அவனுடையது என்று ரேகை சொல்லும். கத்தியைப் பிடித்த கையும் அதுவே என்று அது சொல்லாது, கண்டவரும் இல்லை என்பது அவர்கள் எண்ணம். இரண்டு ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். 'தப்பவிட்டார்களே' என்று சில மாணவியர் கொதிக்கக்கூடும். எங்களுக்கோ, இந்த வரலாற்றில் அலமாரிக்கு அடுத்தபடியாகப் போற்றத்தக்கது அந்தத் தயக்கமே என்று தோன்றுகிறது. புத்தம்புதிய அறிவியல் கருவி ஒன்று கையில் கிடைத்தவுடன், அது சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொள்ள அவர்கள் மறுத்தார்கள்.

மறு ஆண்டே, அதாவது 1899இல், விரல்ரேகை வல்லுநரின் கருத்தைச் சான்றாக ஏற்கும்படி இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. (2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது; இந்த விதி அதிலும் தொடர்கிறது.) 1901இல் ஹென்றி இலண்டனுக்கு மாற்றப்பட்டார்; அவ்வாண்டே ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகை நிலையம் திறக்கப்பட்டது. கல்கத்தா அலமாரியின் கணக்கு உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. சென்ற இடமெல்லாம் அதற்கு வழங்கிய பெயர் 'ஹென்றி முறை'.

ஹக்கின் பெயரும் போஸின் பெயரும் என்ன ஆயின? ஹென்றி ஒருமுறை தொடர்வண்டியில் செல்லும்போது 1,024 என்னும் எண்ணம் பளிச்சென்று தோன்ற, தாள் இல்லாமையால் சட்டைக் கையிலேயே குறித்துக்கொண்டார் என்றொரு கதை நூல்களில் வழங்குகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1900இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த இரு உதவியாளர்களுக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை. ஹக் பல ஆண்டுகள் காத்திருந்தார். இறுதியில் விண்ணப்பம் செய்தார். அரசு அவருக்குக் கான் பகதூர் பட்டமும் ஐயாயிரம் ரூபாயும் அளித்தது. போஸ் ராய் பகதூர் ஆனார். ஹென்றியிடமும் நேர்மை இல்லாமற்போகவில்லை. 1926 மே மாதம் இந்திய அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், இம்முறையைச் செப்பம் செய்ததில் தம் அலுவலர்களுள் மற்றெவரையும்விட ஹக்கின் பங்கே பெரிது என்று ஒப்புக்கொண்டார். முறைக்குப் பெயர் வைத்துக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. ஹக் 1935இல் மறைந்தார், போஸ் 1949இல். இங்கிலாந்திலுள்ள விரல்ரேகைச் சங்கம் இந்நாளில் இவ்விருவர் பெயராலும் ஒரு பரிசு வைத்திருக்கிறது.

இந்த அலமாரிக்கு இன்னொரு முகமும் உண்டு; அது தமிழ்நாட்டில் தெரிந்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். குற்றம் செய்தவனின் ரேகையை எடுப்பது ஒன்று. ஒரு சாதியில் பிறந்துவிட்ட காரணத்தாலேயே ஓர் ஊர் ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி ரேகை எடுப்பதும், இரவில் காவல் நிலையத்தில் வந்து படு என்பதும் முற்றிலும் வேறு. பிரமலைக் கள்ளர் வாழும் பகுதியில் இந்தப் பதிவு நடந்தபோது, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் விரல் கொடுக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவலர் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு சென்ற மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஜல்பைகுரிச் சமையற்காரரைப் போன்ற ஏழைக்குத் துணை நிற்கக்கூடிய அதே மையும் தகரத் தகடும்தான் பெருங்காமநல்லூருக்கும் போயின. கருவியைக் குறை கூறி இதை நாம் கடந்துவிட முடியாது.

ரேகை பொய் சொல்லாது என்பார்கள். பார்ப்பவர் கண் தவறலாம். 2004 மார்ச்சில் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டு வெடித்தபோது, ஒரு பையில் கிடைத்த ரேகை ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் வல்லுநர்கள் முடிவு செய்தார்கள். அது வேறொரு நாட்டு மனிதருடையது என்று ஸ்பெயின் காவல்துறை காட்டிய பிறகே, ஏறத்தாழ இரண்டு வாரக் காவலுக்குப்பின், அவர் விடுவிக்கப்பட்டார். சில கோடுகள் மெய்யாகவே ஒத்திருந்தன. ஒவ்வாதவற்றுக்குச் சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஜல்பைகுரித் தீர்ப்பின் தயக்கம் அங்கே இல்லை.

மர அலமாரிகளின் வேலையைக் கணிப்பொறி ஏற்று வெகுகாலமாயிற்று. 2022 முதல் தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள அமைப்பில் மாநிலங்களின் பதிவுகள் இணைக்கப்பட்டுள்ளன. கணிப்பொறி ஒத்துவரக்கூடிய சிலவற்றை எடுத்து நீட்டும். முடிவு சொல்பவர் பயிற்சி பெற்ற மனிதரே. நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கும்போது விரல் வைக்கும் சிறு கருவியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் கோடு தேய்ந்த பாட்டியின் விரலை அது ஏற்காமல் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பெற்றோர் சிலர் கேட்கக்கூடும் என்பதால் ஒரு செய்தி. தமிழ்நாடு காவல்துறையின் விரல்ரேகைப் பிரிவுக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2018இல் ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, அறிவியலில் இளங்கலைப் பட்டம் தகுதியாக இருந்தது, பெண்களும் விண்ணப்பித்தார்கள். பதவியின் பெயர் உதவி ஆய்வாளர். அஜீசுல் ஹக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்ததும் அந்தப் பதவியில்தான்.